சட்டைக்கை வடிவில் ஓர் இடம்

ஞாயிறு, மே 10

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நான்காவது ஆளின் நலத்தை அவரேதான் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நினைக்காதீர்கள். உங்கள் அறையில் உங்களோடு ஐந்து பேர். நீங்கள் போனைக் காதில் வைத்ததும் அந்த ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்ப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதனால் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, மோட்டார் ஓடுதா என்பதோடு நம் பேச்சு முடிந்துபோகிறது. கடிதம் என்றால் நீங்கள் ஓர் ஓரமாகப் போய் நின்று படிக்கலாம். நானும் அடித்துத் திருத்தி எழுதலாம்.

உங்கள் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லிக் கம்பெனியில் தாள் கொடுத்திருப்பதாகவும், ஜூலை பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் நம் வீட்டின் வெளிப்புறத்துக்குப் பென்சிலால் ஒரு படம். பம்பு மெக்கானிக் போட்ட படம் என்று பார்த்த உடனே தெரிகிறது. செடியைவிடக் குழாய் அதிகம். வண்ணப் பேவர் பிளாக் பாதை, புல்தரை, உருண்டை விளக்கு நான்கு, ஓரத்தில் ஒரு நீரூற்று. அந்த நீரூற்றை மட்டும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று தனியாக வேறு வரைந்திருக்கிறீர்கள். அடியில் ஒரு வரி: வெளி வேலை மட்டும்தான் பாக்கி, அதையும் முடித்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன்.

இந்த வரியை நான் முன்பே படித்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் மனை. அடுத்த இரண்டு வருடம் அஸ்திவாரமும் சுவரும். பிறகு கூரை. பிறகு தரை, கதவு, ஜன்னல். கடைசி இரண்டு வருடம் வண்ணமும் மின்சாரமும். நம் வீட்டில் எதன் மேல் கை வைத்தாலும் அதற்கு இரண்டு வயது என்று தோன்றுகிறது. பாப்பா உங்களை வழியனுப்பியபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது பாப்பா என்று கூப்பிட்டால் முறைக்கிறாள்.

உங்கள் படத்தை வைத்துக்கொண்டு, தோட்டம் அமைத்துத் தரும் ஒருவரை வரவழைத்தேன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். நம் மண்ணைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளி யார் யார் வீட்டுப் புல்லையோ காட்டினார். எல்லாம் ஒரு லுக்குதான் மேடம் என்று ஏழு முறை சொன்னார். எண்ணியது உங்கள் அக்கா. முப்பது வருடம் பஸ்ஸில் தலை எண்ணியவர், ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அந்த ஆள் தொகையைச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்து, "ஏம்ப்பா, இது எந்த ஊர்ல இறங்குறதுக்கு டிக்கெட்டு? நாங்க எங்க வாசல் வரைக்கும்தான் போறோம்" என்றார். டேப்லெட்டை மூடிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்ன தொகை ஏறக்குறைய நீங்கள் இன்னும் இரண்டு வருடத்தில் மிச்சம் பிடிக்கக்கூடியது. அதாவது நான்கு உருண்டை விளக்கும் கொஞ்சம் புல்லும் உங்களுடைய இரண்டு வருடம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வெளி வேலையை நானே செய்து முடிக்கிறேன், கையில் இருப்பதை வைத்து. ஜூலை பதினைந்துக்குள் முடித்துக் காட்டுகிறேன். முடிந்துவிட்டால் நீட்டிப்பதற்குக் காரணம் இல்லை அல்லவா? அதுவரை கையெழுத்துப் போடாமல் இருங்கள். நான் உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கையில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சாமான்கள் நிறைய இருக்கின்றன. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் பின்பக்கம் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. தரை ஓடு பதித்தபோது உடைந்த துண்டுகள் ஐந்து மூட்டை. பூசியது போக மிஞ்சிய மணல் ஒரு குவியல், அதில் பக்கத்து வீட்டுப் பூனை குடித்தனம் நடத்துகிறது. மண்தான் மோசம். நேற்று கடப்பாரை போட்டுப் பார்த்தேன். ஓர் அடிக்கு வெறும் சிமெண்டுக் கட்டியும் ஆணியும். ஒரு செருப்பும் கிடைத்தது, ஒற்றைச் செருப்பு. வீடு கட்டிய கொத்தனாரைப் பேச வரச் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தேடி ஒரு வாரம் வெறுங்காலோட நடந்தேன்மா" என்றார். காணாமல் போனதை நாம் கண்டெடுத்துக் கொடுத்ததாலோ என்னவோ, கூலியைப் பற்றி அதிகம் பேசாமல் ஒத்துக்கொண்டார். சிமெண்டே வேண்டாம், மணலை மட்டம் பண்ணி அதன் மேல் செங்கலைப் பதித்துவிடலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனையும் அவரே சொன்னார்.

செடி எதையும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. இந்தத் தெருவில் யார் வீட்டில் எது நன்றாக வருகிறது என்று நீங்கள் கேலி செய்யும் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணி வெட்டும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்து வைத்திருக்கிறேன். மூலை வீட்டில் செம்பருத்தி. மாடி வீட்டில் புதினா. தண்ணீர்த் தொட்டி வீட்டம்மா எலுமிச்சைக் கன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பேத்தியின் பாவாடையை நான் இறக்கிக் கொடுத்தால்.

அக்காவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பாப்பாவுக்குத் தேர்வு முடிந்தது, எப்படி எழுதினாய் என்றால் பேனாவால் என்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து விஷயத்தில் சொன்னதை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் டேப்பு

ஞாயிறு, ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

அங்கே வெயில் எப்படி? இங்கே எல்லோரும் சுகம். என் நகக்கண்ணில் மட்டும் மண். எவ்வளவு தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது. வெள்ளைத் துணி வெட்டும் நாட்களில் மேஜைப் பக்கம் வராதீங்க மாஸ்டரம்மா என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்கிறார்கள்.

ஒப்பந்தத் தாளை ஜூலை வரை பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நன்றி. அந்த வரியை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

போன வாரம் நல்ல மண் ஒரு லாரி இறக்கினோம். நம் தெரு எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். லாரிக்காரர் பின்னால் வரத் தெரியாமல் எதிர்வீட்டுச் சுவரை உரசப் பார்த்தார். அக்கா உள்ளே போனார், பீரோவைத் திறந்தார், பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்து தெரு நடுவில் நின்றார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. லாரிக்காரர் ஸ்கூல் பிள்ளை மாதிரி அடங்கிவிட்டார். மண்ணைக் கொட்டி முடித்ததும், "அம்மா, நீங்க எந்த டெப்போ?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து விசில் அக்காவின் கழுத்திலேயே தொங்குகிறது. கொத்தனார் டீ குடிக்க உட்கார்ந்து கொஞ்சம் நேரமானால் இரண்டு விசில். அவரும் பழகிவிட்டார். இந்த வீட்டில் நான் வேலை பார்க்கிறேனா, பஸ் ஓட்டுகிறேனா என்று பாப்பாவிடம் கேட்டாராம்.

இப்போது நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். போனில் அக்கா முந்திக்கொண்டு சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

உங்களுக்குப் படம் போட்டுப் பார்த்தால்தான் புரியும். எனக்கு அப்படி இல்லை. அளவை எழுதி வைத்தால் எனக்கு மனதில் நிற்காது, தாளில் வெட்டி விரித்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். பத்தொன்பது வருடமாகச் சட்டையும் பாவாடையும் அப்படித்தான் வெட்டுகிறேன். ஆகையால் தோட்டத்தையும் வெட்டினேன். வேலை செய்யும் இடத்தில் வீணான பிரவுன் பேப்பர் சுருளைக் கேட்டு வாங்கி வந்து, கூடத்துத் தரையில் போட்டு, பாதையை இரண்டு இரண்டு அடியாகப் பதினொரு துண்டு வெட்டினேன். வாசற்படியிலிருந்து கேட் வரை இருபத்திரண்டு அடி. பூப்பாத்திக்கு ஒரு துண்டு, புல்லுக்கு ஒரு துண்டு, கொடிக் கம்பிக்குக் கீழே ஒரு துண்டு. எல்லாவற்றையும் வெளியே விரித்துக் கல்லைத் தூக்கி வைத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்குச் சட்டை தைக்கப்போறீங்களா என்று மூலை வீட்டுக்காரர் கேட்டார். எல்லாத் துண்டும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். கொத்தனார் வாசற்படியில் தொடங்கி ஒவ்வொரு தாளாக எடுத்து, அந்தத் தாளின் அளவுக்குச் செங்கலைப் பதித்துக்கொண்டே போயிருக்கிறார். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அவர் கேட்டுக்குப் பக்கத்தில் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சுவர் வந்துடுச்சும்மா. என் கையில இன்னும் ஒண்ணேகால் தாள் இருக்கு" என்றார்.

எப்படி என்று கேட்பீர்கள். துணியில் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் ஓரம் உள்ளே மடங்கிப் போகும். அதற்காக ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கூட்டி வெட்டுவோம். சட்டைக்கு அரை அங்குலம். என் கை, நான் யோசிப்பதற்கு முன்பே, இவ்வளவு பெரிய வேலைக்கு அரை அங்குலம் போதாது என்று தானாக முடிவு செய்து, பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறது. விரிக்கும்போது அந்த ஓரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததும் என் கைதான், அதனால்தான் அன்று எல்லாம் சரியாக இருந்தது. செங்கலை மடித்துத் தைக்க முடியாது என்பது பத்தொன்பது வருட அனுபவத்துக்குத் தெரியவில்லை.

நீளம் கூடியது மட்டும் என்றால் பரவாயில்லை. பாதை இடப்பக்கமாகவே வந்து, கடைசி இரண்டு தாளில்தான் வலப்பக்கம் திரும்பி கேட்டின் நடுவுக்கு வர வேண்டும். திருப்பம் முடிவதற்குள் முன்சுவர் வந்துவிட்டது. பாதை போய்த் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. அக்கா வந்து பார்த்தார். "ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினா டிரைவரைத் திட்டலாம். இப்ப யாரைத் திட்டுறது?" என்றார். பாப்பா, கேட்டைப் பெயர்த்துத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமே என்றாள். கொத்தனார் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார், ஆனால் தோள் குலுங்கியது.

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழவில்லை. கேட்டால் அழுதேன் என்று பாப்பா சொல்வாள், நம்பாதீர்கள்.

சிமெண்டு போடாதது நல்லதாகப் போயிற்று. மறுநாள் பாதிப் பாதையைப் பெயர்த்து, முன்னதாகவே திருப்பி, கேட்டின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நடந்தால் நன்றாகவே இருக்கிறது. சொல்லப்போனால் முதலில் நினைத்ததைவிட இந்த வளைவுதான் அழகு. முன்னதாகத் திரும்பியதால் பாதைக்கும் இடப்பக்கச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விழுந்துவிட்டது. நீளம் ஒன்பது அடி. கேட் பக்கம் ஐந்து அடி அகலம், இந்தப் பக்கம் வர வர ஒடுங்கி இரண்டு அடி. வெட்டிப் போட்ட சட்டைக்கை மாதிரி. என் தாள்களில் எதிலும் அந்த இடம் இல்லை. அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை, பார்ப்போம்.

மற்றதெல்லாம் நன்றாகப் போகிறது. உடைந்த ஓட்டுத் துண்டுகளைத் துணி துவைக்கும் இடத்தில் பதித்தோம். வெள்ளை, சாம்பல், குளியலறையின் நீலம் எல்லாம் கலந்து. பின்வாசலில் இனிமேல் சேறு மிதிக்க வேண்டாம். செம்பருத்திக் குச்சி பன்னிரண்டு வைத்தேன். கேட் திறந்திருந்தபோது ஓர் ஆடு வந்து நான்கைத் தின்றுவிட்டது. மீதி எட்டும் துளிர்த்துவிட்டன. நித்தியகல்யாணி தானாகவே முளைக்கிறது. புல்லைக் கொத்துக் கொத்தாக விரற்கடை இடைவெளியில் ஊன்றியிருக்கிறோம். இப்போது வழுக்கைத் தலை மாதிரி இருக்கிறது, இரண்டு மழை பெய்தால் மூடிவிடும் என்கிறார் கொத்தனார்.

வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேரே செடிகளைத்தான் பார்க்கிறேன். காலையில் இல்லாத ஓர் இலை சாயங்காலம் இருக்கிறது. இதற்காக யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை, யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இப்படி எழுதுகிறேன் என்று எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

பார்த்தீர்களா, வெளி வேலை கிட்டத்தட்ட முடிந்தது. ஜூலை பதினைந்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
மண் பிடித்த உங்கள் டேப்பு

ஞாயிறு, ஜூன் 28

அன்புள்ள உங்களுக்கு,

நலம். இந்த முறை நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் பத்து நாளில் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

உங்கள் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. வேலை செய்யும் இடத்தில் வெட்டுமேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். என் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், ஒண்ணேகால் தாளுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வரி: "நான் இல்லாமலே எல்லாம் நன்றாக நடக்கிறது. இனி எனக்குக் கவலை இல்லை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், பாப்பா படிப்புக்கும் ஆகும்."

மெச்சித்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் அன்று முழுக்க என்னால் கத்தரிக்கோலைத் தொட முடியவில்லை.

நான் செய்த அளவுப் பிழை ஒன்று அல்ல, இரண்டு. பணம் வேண்டாம் என்று காட்டத்தான் இத்தனையும் செய்தேன். ஆள் வேண்டாம் என்று காட்டியிருக்கிறேன். நீங்கள் அங்கே தங்குவதற்கான காரணத்தைத் தோண்டி எடுக்கிறேன் என்று, இங்கே வருவதற்கான காரணத்தையும் சேர்த்துத் தோண்டிப் போட்டுவிட்டேன்.

பாப்பாவின் படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டேன். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரியிலேயே சேரப்போகிறாளாம், தோழிகள் எல்லோரும் அங்கேதான். என் சம்பளமே அதற்குக் காணும். பஸ் பாஸ் வாங்குவது எப்படி என்று அத்தை இப்போதே பாடம் நடத்துகிறார். ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்தது.

போன முறை நீங்கள் விடுப்பில் வந்திருந்தபோது நடந்த ஒன்று இந்த வாரம் முழுக்க நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அப்போதுதான் இந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். ஒரு நாள் காலை தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தீர்கள். டம்ளர் எங்கே என்று தெரியவில்லை. ஒரு கதவைத் திறந்தீர்கள், பருப்பு டப்பாக்கள். இன்னொன்றைத் திறந்தீர்கள், எண்ணெய். கூடத்திலிருந்து அக்கா, "மூணாவது கதவுடா தம்பி" என்று சத்தம் போட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனீர்கள்.

அந்த நாற்பது நாளும் நீங்கள் பெரும்பாலும் வெளியேதான் இருந்தீர்கள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, குச்சியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டு. உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருங்களேன் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். இப்போது புரிகிறது. உள்ளே எல்லாவற்றுக்கும் ஓர் இடம் முடிவாகிவிட்டிருந்தது. டம்ளருக்கு மூன்றாவது கதவு. அக்காவுக்கு ஜன்னலோர நாற்காலி. பாப்பாவுக்கு மாடிப்படிக்குக் கீழே. இன்னும் முடிவாகாமல் இருந்தது வெளியே மட்டும்தான். அதைத்தான் நீங்கள் ஷிப்ட் அட்டவணையின் பின்னால் வரைந்துகொண்டிருந்தீர்கள். நான் அதை எடுத்து, உங்களுக்குச் செய்யும் உதவி என்று நினைத்து, ஏழு வாரத்தில் முடித்து வைத்திருக்கிறேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கணக்கு நேராகும். நீங்கள் வருவதை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பத்து வருடமாக ஒரு மாதிரி பழகிவிட்டேன். எந்த நேரத்துக்கு எழுந்திருப்பது, எப்போது விளக்கை அணைப்பது என்று யாரையும் கேட்டதில்லை. கட்டிலில் உங்கள் பக்கம் முழுக்க என் பேட்டர்ன் தாள்கள்தான் படுத்திருந்தன. நேற்று அவற்றையெல்லாம் சுருட்டி அலமாரியின் மேலே ஏற்றினேன். கட்டில் எவ்வளவு அகலம் என்று பார்த்து எனக்கே ஆச்சரியம்.

நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று எழுதினால் உடனே வருவீர்கள். அக்கா அப்படித்தான் எழுதச் சொல்கிறார். "முழங்கால் போச்சு, மோட்டார் போச்சு, கூரை ஒழுகுதுன்னு எழுதும்மா, அவன் பறந்து வருவான்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. மோட்டார் ஓடுகிறது. கூரை ஒழுகவில்லை. எல்லாம் நடக்கிறது. நடக்கிற வீட்டுக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

அந்தச் சட்டைக்கை இடத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு இங்கே பலத்த போட்டி. அக்காவுக்கு அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு வேண்டுமாம், தெருவில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எண்ண. பாப்பாவுக்குச் சைக்கிள் நிறுத்த வேண்டுமாம். கொத்தனார் மிஞ்சிய ஓட்டைப் பதித்து ஒரே நாளில் மூடிவிடுகிறேன் என்றார். மூவரிடமும் முடியாது என்றேன். சுற்றிலும் செங்கலைச் செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டபோது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் நல்ல மழை. பக்கவாட்டுச் சந்தில் விழும் தண்ணீர் எல்லாம் சுவரை ஒட்டியே ஓடி வந்து அந்த இடத்தில்தான் தேங்கியது. கணுக்கால் அளவு. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குழாயைப் போட்டுத் தெருவுக்கு விட்டுவிடலாம், அரை நாள் வேலை என்றார். வேண்டாம், தண்ணீர் விஷயம் தெரிந்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்றேன். எப்ப வருவாரு என்று கேட்டார். அக்கா விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. பாப்பாதான் பதில் சொன்னாள். "அது அப்பா இடம். அப்படியே இருக்கட்டும்" என்றாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வளரும் பிள்ளைகளுக்குத் துணி தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் அதிகமாக மடித்துத் தைப்போம். வெளியே தெரியாது. பின்னால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். நான் மறந்துபோய்விட்ட அந்த ஒன்றரை அங்குலங்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒன்பது அடியாக அங்கே கிடக்கின்றன என்று இப்போது தோன்றுகிறது. நான் திட்டம் போட்டு உங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் அது வேறு. திட்டம் போட்டபோது எனக்கு அது தோன்றவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கை மறக்கவில்லை.

நீரூற்றோ, தொட்டியோ, ஒன்றும் வேண்டாம் என்று சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவதோ, அது உங்கள் விருப்பம். சட்டியை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். போட்டோ மட்டும் அனுப்ப மாட்டேன், கேட்காதீர்கள். பாப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போட்டோவுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தோடு ஒரு மடித்த பிரவுன் பேப்பர் இருக்கும். மூன்று தாளை ஒட்டி வெட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கனம். அந்த இடத்தின் சரியான அளவு அது. நான்கு முறை அளந்து பார்த்தேன், அக்காவும் ஒரு முறை அளந்தார். ஓரத்தில் எதற்கும் எதுவும் கூட்டி விடவில்லை.

ஐந்து பேரிடமும் சொல்லிக் கட்டில்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தரையில் விரியுங்கள். ஒடுங்கிய பக்கம் வீடு, அகலமான பக்கம் கேட். செருப்பைக் கழற்றிவிட்டு அகலமான பக்கத்தில் கேட்டைப் பார்த்து ஒரு தடவை நில்லுங்கள். உங்கள் வலது கைப்பக்கம் பாதை. இடது தோளுக்குப் பக்கத்தில் சுவர், அதில் வெயில் சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் இருக்கும். ஐந்தரைக்குத்தான் நான் வேலையிலிருந்து வந்து கேட்டைத் திறப்பேன். திறந்ததும் என் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

அந்தத் தாளை நன்றாகப் பார்த்த பிறகு, பெட்டியில் இருக்கும் மற்றத் தாளை எடுங்கள்.

எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் டேப்பு